பைத்தான் ஆவணத் திருத்தங்களை ரிவியூ செய்வது: நீண்டகால அனுபவம்

பைத்தான் என்ற நிரலாக்க மொழியின் ஆவணங்களுக்கு வரும் சொல், இலக்கணத் திருத்தங்களைப் பல ஆண்டுகளாக ரிவியூ செய்து வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஆனால் "கமாதானே, ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம்" என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒத்துவராது.

வசதிகளில் குறையில்லை. 2017இல் பைத்தான் திட்டம், நிரல்களைச் சேர்ந்து எழுதவும் திருத்தவும் உதவும் தளமான கிட்ஹப்புக்கு வந்த பிறகு நிறைய மாறியது. இப்போதெல்லாம் திருத்திய பக்கம் வாசகருக்கு எப்படித் தெரியும் என்பதை இணைப்பதற்கு முன்பே ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தின் முன்னோட்டத்தில் பார்த்துவிடலாம். பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போக வேண்டுமென்றால் லேபிள் ஒட்டினால் போதும், மிச்சத்தை பாட் என்ற தானியங்கி நிரல் பார்த்துக்கொள்ளும். தொல்லை எங்கே என்றால், ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் பத்தியின் வரிகளை எல்லாம் மறுபடி மடித்து அனுப்புகிறார்கள், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் பத்தி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நிற்கும், உண்மையில் மாறியது எது என்று தேட வேண்டும். மாறிய சொற்களை மட்டும் காட்டும் வேர்ட்-டிஃப் வசதி கிட் (Git) கருவியில் இல்லாவிட்டால் கஷ்டம்தான்.

சரி, முக்கியமான விஷயம். இலக்கணத் திருத்தம் என்று வருவது சில நேரம் மொழி தரும் உறுதியையே மாற்றிவிடும். பைத்தான் 3.6 பதிப்பில் டிக்‌ஷனரி, அதாவது சாவியையும் அதற்கான மதிப்பையும் இணையாக வைக்கும் அமைப்பு, சாவிகளைச் சேர்த்த வரிசையிலேயே வைத்திருந்தது. ஆனால் அது செயலாக்க விவரம்தான், அதை நம்பி எழுதாதீர்கள் என்றது ஆவணம். 3.7இல் அதே நடத்தை மொழியின் உத்தரவாதமாக ஆனது. இப்படிப்பட்ட இடத்தில் "உத்தரவாதம்" என்ற சொல்லை நீளம் குறைக்க என்று யாராவது வெட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாராமீட்டரையும் (ஃபங்ஷனின் வரையறையில் வரும் பெயர்) ஆர்குமென்ட்டையும் (அதை அழைக்கும்போது தரும் மதிப்பு) ஒரே பொருள் என்று எண்ணி, திரும்பத் திரும்ப வருகிறதே என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. கதை எழுதும்போது அது அழகாக இருக்கலாம், இங்கே வாசகர் வேறு ஏதோ சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று குழம்பிவிடுவார்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர்களை யாரும் நினைப்பதில்லை. ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலப் பத்தியோடு பிணைந்தவை. இங்கே ஒரு கமா நகர்ந்தாலும் அங்கே அந்தப் பத்தி "சரிபார்க்க வேண்டியது" என்று குறிக்கப்பட்டு, யாராவது பார்த்து முடிக்கும் வரை வாசகருக்கு அந்த இடத்தில் ஆங்கிலமே காட்டப்படும். அதனால் பிழையே இல்லாமல், இது கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் வரும் திருத்தங்களை நன்றி சொல்லி மூடிவிடச் சொல்கிறேன். வருத்தப்படுகிறார்கள், தெரியும். பொருள் மயங்கும் வாக்கியத்தைத் தெளிவாக்கி, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் அன்றைக்கே உட்கார்ந்து பார்ப்பேன்.