இடுப்பு வலி: செட் மாத்திரையா, பாரசிட்டமாலா, நடையா?

பாம்பனில் முப்பது வருஷம் வலை இழுத்த இடுப்பு அப்பாவுடையது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், கூடவே நீர் பிரியும் மாத்திரை, நெஞ்சுவலி வந்ததிலிருந்து ஆஸ்பிரின். இத்தனையும் உள்ளே போய்க்கொண்டிருக்க, வலி கூடும் நாளில் மருந்துக் கடையில் "இடுப்பு வலி" என்றால் மூன்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. கால் வீங்கி, ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) ஏறி நின்ற பிறகுதான் ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் செட் மாத்திரை. அதில் வரும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் ஒரே வகை வலி மாத்திரை. இடுப்பு வலிக்கு ஓரளவு கேட்கும், பொய் சொல்ல முடியாது. ஆனால் இவை சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் வழியைச் சுருக்கும், டெல்மிசார்ட்டன் வெளியே வரும் வழியைத் தளர்த்தும், நீர் மாத்திரை உடம்பின் தண்ணீரையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். அதோடு வெயிலில் வியர்த்து, ராத்திரி முழுக்க அரை பாட்டில் தண்ணீரோடு கடலில் கிடப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஆஸ்பிரின் இதயத்துக்குச் செய்யும் வேலையையே ஐபுபுரூஃபன் தடுக்கலாம். "கேஸ் மாத்திரையும் போடுகிறேனே" என்பார்கள். அது வயிற்றைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. ஊசியாகப் போட்டாலும் அதே மருந்துதான் ரத்தத்தில் ஓடுகிறது. அதற்காக வலி மாத்திரைக்கு இடம்விட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

பாரசிட்டமால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இதைவிடச் சாது, ஆனால் நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெரிதாகக் கேட்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடவே கூடாது, குடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். செட் மாத்திரைக்குள்ளேயே பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதன் மேல் காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாரசிட்டமால் வேறு போடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இதைத் தொடர்ந்து போட்டாலும் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப் போகலாம்.

ஓபியாய்டு ரக வலி மருந்தான டிராமடாலை நான் வேண்டாம் என்றே சொல்வேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இந்த ரக மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வலிப்பு வரை போகலாம், மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். தலை சுற்றலோடு ராத்திரி படகின் விளிம்பில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் தூக்கம், கிறக்கம் என்று இதே கதைதான்.

மேலே தடவும் வலி ஜெல் பரவாயில்லை, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். ஆனால் மாத்திரையும் ஜெல்லும் சேர்த்து வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு, தாராளமாகச் செய்யலாம். லேபிள் இல்லாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்த கதைகள் உண்டு, தொடாதீர்கள். இடுப்பு பெல்ட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் அந்த வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

அப்புறம் நடை. அது எந்த மாத்திரையோடும் மோதாது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தேறியவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்து நடக்க வைத்துப் பார்த்தார்கள், 2024இல் வெளிவந்தது: அவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது, அந்தப் பயிற்சி இல்லாதவர்களில் 112 நாள். வலியைத் துடைத்துவிடாது, தள்ளிப்போடும். தொளதொள மணலில் வேண்டாம், அலை நனைத்த இறுக்கமான கரையில் நடங்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தால் உடம்பு பழகிவிடும். கடல்பாசி எடுக்கக் குனிந்தே கிடக்கும் பெண்களுக்கும் இதுதான் என் முதல் பரிந்துரை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை மட்டும் வீடு தேடி வருவதில்லை, பிசியோதெரபியும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அப்பா இப்போது நடை, ஒத்தடம், ரொம்ப முடியாத நாளில் பாரசிட்டமால். எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே பையில், எந்த மருத்துவரிடம் போனாலும் பையைக் கவிழ்த்துக் காட்டிவிடுகிறார். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ இதில் எதையும் யோசிக்காமல் அன்றைக்கே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.