சேலம் 1692: கயிறு வரை சரி, கத்திச் சண்டையில்தான் சறுக்கல்

சூனியக்காரி கதை என்றதும் தீக்கம்பம் வரைந்துவிடுகிற ஓவியர்கள் அதிகம். இந்த வண்ண காமிக்ஸில் ஒரு சுள்ளிகூட எரியவில்லை. அதற்கே முதல் மதிப்பெண் கொடுக்கலாம். இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. இது நம்மூர்ச் சேலம் அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம்; மாசசூசெட்ஸ் அன்று இங்கிலாந்தின் காலனி. 1692-ல் சேலத்தில் 14 பெண்களும் 5 ஆண்களும் கயிற்றில் போனார்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரை நெஞ்சில் கல் ஏற்றியே கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். காமிக்ஸ் இந்தக் கணக்கில் கை வைக்கவில்லை.

கதை இதுதான். கப்பல்காரன் ஒருவன் சேலம் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். அங்கிருந்து சில மைல் தள்ளி உள்ள சேலம் கிராமத்தில் அவனுடைய அக்காவைச் சூனியக்காரி என்று பிடித்துப்போயிருக்கிறார்கள். அவளை மீட்க வேண்டும். ஊரும் கிராமமும் வேறு வேறு என்பதைப் பல கதைகள் குழப்பும்; இதில் முதல் பக்க வரைபடமே பிரித்துக் காட்டுகிறது. கிராமம்தான் இன்றைய டான்வர்ஸ்.

முதல் பாதி அபாரம். காரணம், கதாசிரியர் வில்லனாக எந்த ஆளையும் நிறுத்தவில்லை. விசாரணை முறையையே வில்லனாக்கியிருக்கிறார். புகார், வாரண்ட், வழிபாடும் ஊர்க்கூட்டமும் நடக்கிற கூட்ட மண்டபத்தில் ஊர் முன்னால் கேள்வி, சிறை, வழக்கை ஏற்கலாமா என்று பார்க்கிற பெரிய ஜூரி, விசாரணை, கயிறு: இந்த வரிசை ஒரு படிகூடத் தவறாமல் வருகிறது. சாகசக் கதையில் நாயகன் வழக்கமாக என்ன செய்வான்? ‘அன்று ராத்திரி அக்கா அங்கே இல்லை’ என்று சாட்சி கொண்டுவருவான். இவனும் கொண்டுவருகிறான். சாட்சி உண்மை, நீதிபதிகளும் நம்புகிறார்கள், ஆனாலும் பயன் இல்லை. உடம்பு வீட்டில் கிடந்தாலும் உருவம் மட்டும் பறந்துபோய்ப் பிள்ளைகளைக் கிள்ளியது என்பதுதானே குற்றச்சாட்டு! உருவத்தைப் பார்த்ததாகச் சொல்பவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. கையில் இருந்த ஒரே ஆயுதம் மொட்டையாகிப்போன அந்த இடத்தை வசனமே இல்லாமல் ஆறு கட்டங்களில் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த பூட்டு இதைவிடக் கொடியது. ‘ஆமாம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களில் ஒருவரைக்கூட அந்த ஆண்டு தூக்கிலிடவில்லை. மறுத்தவர்களைத்தான் ஏற்றினார்கள். அக்கா மறுக்கிறாள், தம்பி ஒரு பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறான். புத்தகத்தின் உச்சம் இந்தச் சிறைக்காட்சிதான், பின்னால் வருகிற எந்தச் சண்டையும் அல்ல.

சூனியம் தாக்கியதாகச் சொல்லிச் சிறுமிகள் துடிக்கிற காட்சிகளில் ஓவியர் பேய்ப்படப் பாணிக்குப் போகாமல் ஆவணங்களை ஒட்டி நிற்கிறார். குற்றஞ்சாட்டப்பட்டவள் உதட்டைக் கடித்தால் பிள்ளைகள் பல் பதிந்த கையைக் காட்டுகிறார்கள்; அவள் தலை சாய்த்தால் இவர்கள் கழுத்தும் சாய்கிறது. அவளைத் தொடவைத்ததும் துடிப்பு நின்றால் அதுவும் சாட்சி. சுடலைமாடன் கொடையில் சாமி வந்து ஆடுபவரிடம் குறி கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமை வாசகருக்கு இந்தக் கூட்டம் அந்நியமாகத் தெரியாது. ஒரு வித்தியாசம், இங்கே வாக்கு அப்படியே வாரண்ட் ஆகிவிடுகிறது. காட்டுக்குள் இருப்பதெல்லாம் பிசாசு என்ற பாதிரிமார் பார்வையும் நமக்குப் புதிதல்ல. நூற்றைம்பது ஆண்டு கழித்து இடையன்குடியிலிருந்து கால்டுவெல் நம்மூர்ச் சாமிகளைப் பேய் வணக்கம் என்ற கணக்கில்தான் எழுதினார்.

டிட்டுபா விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் அவள். அன்றைய ஆவணங்கள் அவளை ‘இந்தியப் பெண்’, அதாவது அமெரிக்கப் பழங்குடி, என்றே குறிக்கின்றன. காமிக்ஸ் அவளை ஆப்பிரிக்கப் பெண்ணாக வரைந்து, தமிழில் திக்கித் திணறிப் பேசவும் வைத்திருக்கிறது. மஞ்சள் பறவை, பாஸ்டனிலிருந்து வந்த உயரமான ஆள், ஒன்பது குறிகள் இருந்த புத்தகம் என்று கோர்வையாகச் சொல்லி நீதிபதிகளைக் கட்டிப்போட்டவள் அவள். உளறியிருந்தால் வேட்டை அவ்வளவு பரவியிருக்காது. கிராமத்துப் பெண்களுக்கு மட்டும் ‘ஏளா’, ‘வாறாவ’, ‘சொல்லுதேன்’ என்று நம்ம ஊர்ப் பேச்சைக் கொடுத்து, நீதிபதி ஹாதோர்னுக்குச் செந்தமிழ் கொடுத்திருப்பது நல்ல யோசனை. யார் கேட்கிற இடத்தில், யார் பதில் சொல்கிற இடத்தில் என்பது வசனத்திலேயே விளங்கிவிடுகிறது.

இரண்டாம் பாதியில் நாயகனுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று காட்டுக்குள் முக்காடு போட்ட ரகசியக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆட்டுத்தலை, ரத்தக் கிண்ணம், எல்லாம் உண்டு. உண்மையிலேயே சூனியக்காரர்கள் இருந்தார்கள் என்றால் நீதிமன்றம் தேடியது சரிதானே? ஆள் மாறிப் பிடித்தது மட்டும்தான் பிழை என்று ஆகிவிடாதா? முதல் பாதி கட்டியதை இந்தப் பன்னிரண்டு பக்கம் இடிக்கிறது.

இதற்கு அவசியமே இல்லை. சாகசத்துக்கு வேண்டிய சரக்கு வரலாற்றிலேயே இருக்கிறது. கப்பல் தலைவர் ஜான் ஆல்டன் பாஸ்டன் சிறையிலிருந்து தப்பினார். சேலத்தின் பணக்கார வியாபாரி பிலிப் இங்கிலிஷ் மனைவியோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். காசுள்ளவருக்கு வழி இருந்தது. ஏழைகளோ சாப்பாட்டுக்கும் விலங்குக்கும் தாங்களே கட்டணம் கட்ட வேண்டும். விடுதலையான பிறகும் பாக்கி தீரும்வரை உள்ளேதான். வடக்கே மெய்ன் எல்லையில் போர், அங்கிருந்து ஓடிவந்த அகதிகள் என்று பின்னணியும் தயாராக இருந்தது. அதை ஒரு கட்டத்தில் முடித்துவிட்டார்கள்.

சின்னச் சின்ன சறுக்கல்களும் உண்டு. நாயகன் சக்கிமுக்கிக் கல் கைத்துப்பாக்கியால் அடுத்தடுத்து மூன்று முறை சுடுகிறான். ஒரு முறை சுட்டால் மருந்து கொட்டி, குண்டு போட்டு, இடித்து, கிண்ணியில் மருந்து வைத்துத்தான் மறுபடி சுட முடியும். கை பழகியவனுக்கும் கால் நிமிஷத்துக்கு மேல் ஆகும். கப்பலில் சுக்கான் சக்கரம் சுழற்றுகிறான்; அது 18-ஆம் நூற்றாண்டில் வந்தது, அன்று நெடுந்தடி பிடித்துத்தான் திருப்பினார்கள். கூட்ட மண்டபத்துக்குக் கூர்கோபுரமும் சிலுவையும் வைத்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்த தூய்மைவாதிகள் (பியூரிட்டன் கிறிஸ்தவர்கள்) இரண்டையும் ஒதுக்கியவர்கள். அக்காவுக்காக வக்கீல் எழுந்து வாதாடுகிறார். அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வக்கீலே கிடையாது. உடைகளில் மட்டும் கவனம் தெரிகிறது: எல்லோருக்கும் கறுப்பு மாட்டாமல் பழுப்பு, செம்மண், மங்கல் பச்சை என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு தவறு தமிழ்ப் பதிப்பில் சேர்ந்தது. வாரண்ட் காகிதத்தில் ஆண்டு 1691/2 என்று இருக்கும். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். அதற்கு முந்தைய நாட்களுக்கு இரண்டு ஆண்டையும் எழுதுவது வழக்கம். மொழிபெயர்ப்பில் இதைச் சுருக்கி ‘பிப்ரவரி 29, 1691’ என்று போட்டுவிட்டார்கள். 1691-ல் பிப்ரவரிக்கு 29 ஏது? அடுத்த பக்கமே 1692 மார்ச் 1 வருவதால் அக்கா ஓராண்டு சிறையில் கிடந்ததுபோல் வாசகர் கணக்குப் போடுவார்.

பின்னிணைப்பையும் திருத்த வேண்டும். 1711-ல் எல்லோர் பழியும் நீங்கியதாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டு தண்டனை ரத்தானது பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். இழப்பீடு 578 பவுன் 12 ஷில்லிங். முதலில் தூக்கிலேறிய பிரிட்ஜெட் பிஷப்பின் பெயர் 2001-ல்தான் சேர்ந்தது. எலிசபெத் ஜான்சனுக்கு 2022 வரை ஆயிற்று. கட்டபொம்மனை விசாரித்த அன்றே கயத்தாற்றுப் புளியமரத்தில் ஏற்றிய 1799-ஐ அறிந்த வாசகர்கள் இந்தத் தேதிகளைத்தான் முதலில் தேடுவார்கள். அதில் அலட்சியம் கூடாது.

அச்சு. சிவகாசி காமிக்ஸில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நிறைந்த வட்டாரம் இது. குறை கண்ணில் படாமல் போகாது. பகல் காட்சிகள் துல்லியம். சிறைக்காட்சிகளில் கருநீலத்தின் மேல் வெள்ளை எழுத்து. நான்கு வண்ணத் தகடுகளில் ஒன்று மயிரளவு விலகினாலும் மை எழுத்துக்குள் ஏறும். இகர, ஈகாரச் சுழிகள் அடைபட்டு ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகத் தெரிகின்றன. தமிழ் வசனம் நீளம் என்பதால் நீதிமன்றப் பக்கங்களில் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். வசனத்தைக் குறைத்திருக்கலாம், பலூனைப் பெரிதாக்கினால் ஓவியம் போய்விடும், அதைச் செய்யாதது நல்லது. தூக்கு மேட்டின் இரட்டைப் பக்க ஓவியத்தில் ஏணியும் கயிறும் நடுமடிப்புக்குள் போய்விட்டன. காரணம் பசைக் கட்டு; நூல் தையலாக இருந்தால் தட்டையாக விரிந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே அந்த நடுப்பக்கத்தையும் ஒரு சிறைப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பிரதிக்குப் பிரதி வண்ண விலகல் மாறுகிறது, தெளிவானதை எடுத்துக்கொள்ளலாம். பசைக் கட்டை ஒரேயடியாக விரிக்காமல், முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்துப் பக்கமாக அழுத்தித் திறந்தால் முதுகு உடையாது. கோரியைக் கல் ஏற்றுகிற நான்கு பக்கமும், நாலைந்து வயது டாரத்தி குட் சங்கிலியில் கிடக்கிற பக்கமும் இருப்பதால் பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டாம்.