சிவப்பு மியாட்டா: பானெட்டுக்குள் நான்கு குளிர்காலம்

எங்கள் வண்டி 1992ஆம் வருட மஸ்டா மியாட்டா. ஜப்பானில் இதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர், ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5, இங்கே கனடாவில் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை. ஹெட்லைட் கண் திறந்து மூடுமே, அதேதான். 1.6 லிட்டர், 16 வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட், சுமார் 115 குதிரைத்திறன். இன்றைக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டிகளிலேயே இதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் எடை சுமார் ஒரு டன்தான் என்பதால் ஓட்டும்போது குறை தெரியாது.

2020இல் ரொறன்ரோ பக்கம் ஒருவரிடம் வாங்கினோம். அப்போது 1,78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் 31,000 ஓட்டியிருக்கிறோம். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை சாலையில் உப்புக் கொட்டுவார்கள், பழைய இரும்புக்கு அது எமன். அதனால் வண்டி கராஜுக்குள் தூங்கும், நாங்கள் கம்பளிக் குல்லாயோடு பானெட்டைத் திறந்து நிற்போம். என் வீட்டுக்காரருக்குப் பார்க்க அழகாக இருக்க வேண்டும். எனக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும். அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவள் நான், கோவை கணபதியில். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இப்போது சொல்ல முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

வாங்கிய வாரமே எஞ்சினைக் கழுவினோம். அழுக்கு நீக்கி அடித்து, தோட்டத்துக் குழாயால் நன்றாகவே பீய்ச்சினார் இவர். ஃபியூஸ் பெட்டிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தோம், ரொம்பப் பெருமையாக. ஸ்டார்ட் செய்தால் வண்டி மூன்று காலில் நொண்டுகிறது. மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியவில்லை. இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் டேப்பெட் கவரின், அதாவது எஞ்சினின் மேல்மூடியின் நடுவே ஆழமான குழிகளில் உட்கார்ந்திருக்கும். ஒரு குழியில் அரைக் குழி தண்ணீர். காற்றடித்து வெளியேற்றியதும் சரியானது. அன்றிலிருந்து குழாய் பானெட்டுக்குள் வருவதில்லை. ஈரத் துணி, பழைய டூத் பிரஷ், பொறுமை, அவ்வளவுதான்.

கழுவியதில் ஒரு நன்மை, எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிந்தது. எஞ்சின் ஹெட்டின் பின்பக்கம், எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி, கேம்ஷாஃப்ட் சுழலும் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று சொருகியிருக்கும். அதைச் சுற்றி இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வயதானதும் கல்லாகிவிடும். ஆயில் கசிந்து கீழே கியர்பாக்ஸ் மேல் வழியும். பார்க்கிறவர்கள் பின் ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். எங்களையும் ஒரு பட்டறையில் அப்படித்தான் பயமுறுத்தினார்கள். ஓ-ரிங் விலை சில டாலர்தான். ஆனால் அந்த 12 எம்எம் போல்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. முன்னால் இக்னிஷன் காயில் வேறு மறைக்கும். கை நுழைய வேண்டும், அதுவும் சின்னக் கையாக இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஃபெண்டர் மேல் கவிழ்ந்து கிடந்து, விரல் நுனியால் தடவித் தடவிக் கழற்றினேன். “ஏனுங்க, லைட்டை என் மூஞ்சில அடிக்காதீங்க, என் கைக்கு அடிங்க” என்பதுதான் அன்றைக்கு எங்களுக்குள் நடந்த முழு உரையாடல்.

ஒன்று முக்கியம். கழற்றும் முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், மாறும். பொருத்திய பிறகு, டயக்னோசிஸ் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, டைமிங் லைட் பிடித்து 10 டிகிரியில் வைத்தோம்.

இனி டேப்பெட் கவர். இவர் ஆசைப்பட்ட விஷயம், அதனால் பாடமும் பெரியது. அதைப் பவுடர் கோட்டிங்கிற்குக் கொடுத்தோம். பளபளவென்று திரும்பி வந்தது. மாட்டும் முன் ஏதோ சந்தேகம் வந்து, கவிழ்த்துப் பிடித்துச் செய்தித்தாள் மேல் தட்டினேன். சர்ரென்று கசகசா போலக் கொட்டியது. பெயின்ட்டை உரிக்கப் பீய்ச்சிய கண்ணாடி மணிகள். கவரின் உட்புறம் ஆயில் தெறிப்பைத் தடுக்க ஒரு தகடு ரிவெட் அடித்திருக்கும், அதன் பின்னால் போய் ஒளிந்திருக்கின்றன. மறுபடி தட்டினால் மறுபடி வருகிறது. இதை மாட்டியிருந்தால் மணிகள் ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தின்றிருக்கும். அந்தக் கவரைச் சுவரில் மாட்டிவிட்டோம், நிஜமாகவே. அழகாகத்தான் இருக்கிறது.

பழைய பாகக் கடையில் வேறு கவர் வாங்கி, வீட்டிலேயே சுருக்க பெயின்ட் அடித்தோம். இது கூடிவந்தது. குறுக்கே ஒரு பூச்சு, நெடுக்கே ஒன்று, மூலைவாட்டில் ஒன்று, இடையில் ஐந்து நிமிடம். பிறகு 100 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான சூட்டில் ஒரு மணி நேரம். இதற்கென்றே ஒரு பழைய அவன் வாங்கி கராஜில் வைத்தோம், சமையலறை அவனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் வழவழவென்று இருந்த கறுப்பு, திடீரென்று பால் ஆடை கட்டுவது போல ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. பிறகு மஸ்டா எழுத்துகளின் மேல்முகத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி தெரிய விட்டார் இவர். நான்கு வருடம் ஆகியும் ஒரு செதில் உதிரவில்லை. புது கேஸ்கெட் போட்டோம். கேம் வளைவு முடிகிற மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சீலன்ட். போல்ட்டை மென்மையாக முறுக்க வேண்டும், இறுக்கி முறுக்கினால்தான் ஒழுகும்.

இரண்டாம் குளிர்காலத்தில் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல்கள் எல்லாம் ஒரே மூச்சில். ஏறக்குறைய 96,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட் மாற்றச் சொல்கிறது மஸ்டா. அறுந்தாலும் இந்த 1.6இல் வால்வு பிஸ்டனில் இடிக்காது, அது ஒரு நிம்மதி. இந்த வண்டி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் எஞ்சின் முன்னால் கிராங்க்ஷாஃப்ட் நுனியில் இருக்கும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அதில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு கிராங்க், 1991 வரை வந்தது. புல்லியைப் பிடித்திருக்கும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு தளர்ந்து புல்லி ஆடும் நோய் அதற்கு உண்டு. எட்டு வெட்டு என்றால் கவலை இல்லை. எங்களுடையது எட்டு.

ரேடியேட்டர் விஷயத்தில் கண்ணே போதும். மேல் தொட்டியின் பிளாஸ்டிக் கறுப்பாக இருக்க வேண்டும். எங்களுடையது பாசி படிந்த பச்சைப் பழுப்பில் இருந்தது, அப்படியென்றால் விரிசல் விடும் நாள் தூரத்தில் இல்லை. மாற்றினோம். கூடவே இவர் நீல சிலிக்கான் ஹோஸ்களும் வாங்கிவிட்டார், பிளக் வயர் நீலத்துக்குப் பொருத்தமாக. வெயில் காலத்தில் ஒன்றுமில்லை. குளிர் வந்ததும் கிளாம்ப் அடியில் தினமும் ஒரு சொட்டு கூலன்ட். முறுக்கினால் நிற்கும், மறுபடி வரும். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழையபடி கறுப்பு ரப்பர் ஹோஸும் ஸ்பிரிங் கிளாம்பும் போட்டேன். அதன்பின் ஒரு சொட்டு இல்லை.

பெட்டி இல்லாத திறந்த கோன் ஏர் ஃபில்டரும் அதே கதைதான். சத்தம் நன்றாக இருந்தது, பிக்கப் குறைந்தது. எஞ்சினின் சூட்டுக் காற்றையே மறுபடி குடித்தால் வேறென்ன ஆகும்? பழைய ஏர் பாக்ஸ் திரும்பி வந்துவிட்டது. முன் சஸ்பென்ஷனின் இரண்டு பக்கத்தையும் குறுக்கே இணைக்கும் ஸ்ட்ரட் பார் இரண்டு வருடம் இருந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, வேலை செய்யும்போது முழங்கையில் இடித்ததைத் தவிர. கூலன்ட் பாதையை மாற்றி அமைப்பதைப் பற்றியும் நிறையப் பேசினோம். குறுக்காக வைக்கும் முன்சக்கர வண்டிக்கு உருவான எஞ்சின் குடும்பம் இது, தண்ணீர் முன்பக்கமே உள்ளே போய் முன்பக்கமே வெளியேறுவதால் பின் சிலிண்டர்கள் கொஞ்சம் சூடாக ஓடும். ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள் செய்யட்டும். நாங்கள் செய்யவில்லை.

மூன்றாம் வருடம் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் அறையின் உள்பக்கத்துக்குப் பெயின்ட். எஞ்சினை இறக்காமல், மறைத்து ஒட்டி, வண்டியின் அதே சிவப்பை அடித்தோம். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் புது வண்டி. கிட்டே போனால் வயர் கட்டுகளின் பின்னால் பழைய சிவப்பு எட்டிப் பார்க்கும். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயின்ட் கொப்புளித்திருந்ததை நான் சொல்லியும், பெயின்ட் முதலில், சிலிண்டர் அப்புறம் என்றார். கிளட்ச்சுக்குள் இருப்பதும் பிரேக் ஆயில்தான், அது பெயின்ட்டைத் தின்னும். ஐந்தே மாதத்தில் அதே இடம் மறுபடி உரிந்தது. இப்போது மாஸ்டர் சிலிண்டர் புதிது, பெயின்ட் இரண்டாம் முறை.

நியாயமாகச் சொன்னால் அவர் பெயின்ட்டிலும் பயன் இருக்கிறது. உள்ளே சுத்தமாக இருப்பதால் சின்னக் கசிவுகூடச் சிவப்பு மேல் பளிச்சென்று தெரிகிறது. போன ஜூலையில் பவர் ஸ்டியரிங் ஹோஸ் வியர்த்ததை அப்படித்தான் பிடித்தோம். பாகங்களும் பெரும்பாலும் கிடைக்கின்றன. மஸ்டாவே 2017இல் ஜப்பானில் இந்தத் தலைமுறைக்குப் புதுப்பிக்கும் திட்டம் அறிவித்து, நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரித்தது.

இப்போதைக்குக் குறை ஒன்றுதான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் தையல் மெஷின் போல டிக்டிக் என்கின்றன, சூடானதும் அடங்கிவிடுகின்றன. இந்த எஞ்சினுக்கு அது பிறவிக்குணம், விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அடுத்த குளிர்காலத்துக்குக் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தால் அதன் பக்கத்தில் தங்க நிற பெயின்ட் டப்பா ஒன்று இருக்கிறது. எதற்கு என்று நான் இன்னும் கேட்கவில்லை.