டீசல் காலத்து லேஅவுட்டில் ஒரு நீராவி இன்ஜின்: எது பொருந்தும்?

நான் அமைத்திருக்கும் மாதிரி ரயில் உலகத்தில், அதாவது என் லேஅவுட்டில், எப்போதும் 1985-இன் கோடைகாலம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் கற்பனையான ஒரு சிறு ஜங்ஷன். கான்ரெயிலின் நீல இன்ஜின், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் கறுப்பு இன்ஜின், செஸ்ஸியின் மஞ்சள் இன்ஜின் என்று மூன்று ரயில் கம்பெனிகளின் சரக்கு வண்டிகள் மாறி மாறிப் போகும். அத்தனையும் டீசல். அவற்றை ஓட்டுவதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. ஆனாலும் அந்த ஜங்ஷன் வழியாக ஒரே ஒரு நீராவி இன்ஜின், சக்கரங்களை இணைக்கும் பக்கவாட்டுத் தண்டுகள் ஏறி இறங்க, ஒரு முறையாவது போய் வர வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

இந்த ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இன்ஜினின் அழகையும் அளவையும்தான். நானும் அப்படித்தான் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் பெரிய நீராவி இன்ஜினான சேலஞ்சரின் மாதிரியை வாங்கினேன். மேஜை மேல் நிறுத்திப் பார்க்க அற்புதமாக இருந்தது. ஓடவிட்டதும் 22 அங்குல ஆர வளைவில் கொதிகலனின் மூக்கு தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நீண்டு, ஓரத்தில் நின்ற சிக்னல் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. இன்ஜின் மேல் தப்பில்லை. என் வளைவுக்கும் என் ஊருக்கும் அது சேரவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் படித்து, அளந்து, நண்பர்களின் லேஅவுட்டுகளில் ஓட்டிப் பார்த்து வந்து சேர்ந்த முடிவுகள்தான் இவை.

முதலில் ஆண்டு, அப்புறம் இன்ஜின்

உங்கள் லேஅவுட்டின் ஆண்டு 1960-க்கு முன்னால் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 1950-களில் நீராவியும் டீசலும் ஒரே யார்டில் வேலை செய்தன. பெரிய ரயில் கம்பெனிகளில் கடைசி வரை நீராவியைப் பிடித்துக்கொண்டிருந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் 1960-இல்தான் விட்டது. மேற்கு ஜெர்மனியை மாதிரியாக வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. அங்கே 1977 வரை நீராவி தினசரி வேலையில் இருந்தது.

அதற்குப் பிந்திய ஆண்டு என்றால் நீராவி இன்ஜின் உங்கள் தடத்துக்கு விருந்தாளி. ரயில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு உலா வண்டி இழுக்க வரும், போய்விடும். வருகிற விருந்தாளிக்கு ஒரு காரணம் வேண்டுமே. ஆண்டு, தடத்தின் சொந்தக்காரர், இன்ஜினில் எழுதியிருக்கும் எண் ஆகிய மூன்றும் பொருந்தினால் பார்ப்பவர் கேள்வியே கேட்காமல் நம்புவார்.

இதற்கு நல்ல உதாரணம் யூனியன் பசிபிக் 844. ஆல்கோ கட்டி 1944 கடைசியில் வந்த இன்ஜின். அந்தக் கம்பெனிக்கு வந்த கடைசி நீராவி இன்ஜின் அதுதான், இன்றுவரை சேவையிலிருந்து முழுதாக விலக்கப்படவே இல்லை. ஆனால் 1962 முதல் 1989 வரை அதன் எண் 8444. ஜிபி30 வகை டீசல் ஒன்றுக்கு 844 என்ற எண் போய்விட்டதால், பழைய இன்ஜினுக்கு ஒரு 4 கூடுதலாகச் சேர்த்தார்கள். ஆகவே 1985-ஐக் காட்டும் லேஅவுட்டில் 844 என்று எழுதிய நீராவி இன்ஜின் ஓடினால் அது தவறு. அதே லேஅவுட்டில் 8444 நீராவியையும் 844 டீசலையும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நிறுத்த முடியும் என்றால், யூனியன் பசிபிக் பிரியர்களுக்கு அதைவிட இனிமையான காட்சி வேறென்ன!

பெரியண்ணன்கள்: பிக் பாய், சேலஞ்சர்

எல்லோருக்கும் தெரிந்த பெயர் பிக் பாய். சக்கர அமைப்பு 4-8-8-4, அதாவது முன்னால் 4 சிறு சக்கரங்கள், நடுவே இழுக்கும் சக்கரங்கள் எட்டெட்டாக இரண்டு தொகுதி, பின்னால் 4 சிறு சக்கரங்கள். எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பின்பெட்டியான டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய 133 அடி நீளம். ஹெச்ஓ அளவில், அதாவது 1:87-இல், இது 46 சென்டிமீட்டருக்கு மேல் வரும். இன்று ஓடும் 4014, 1961-இல் ஓய்வு பெற்று, பிறகு கலிபோர்னியாவின் பொமோனாவில் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. 2013-இல் யூனியன் பசிபிக் திரும்ப வாங்கி, 2019 மே மாதம் மறுபடி ஓடவிட்டது. ஆகவே உங்கள் லேஅவுட்டில் நிற்பவை இன்றைய டீசல்கள் என்றால் தாராளமாக ஓட்டலாம். 1970, 80, 90-களுக்கு அது கொஞ்சமும் பொருந்தாது.

சேலஞ்சர் 3985-க்கு அந்தத் தடை இல்லை. யூனியன் பசிபிக் ஊழியர்களே தன்னார்வமாகச் சீர்செய்து 1981-இல் ஓடவிட்ட இன்ஜின் அது. 2010 வரை ஓடியது. 1990-இல் இரண்டடுக்குக் கன்டெய்னர் வண்டி ஒன்றை, 143 பெட்டிகளோடு, ஷையனிலிருந்து நார்த் பிளாட் வரை இழுத்துச் சென்றது. நவீன கன்டெய்னர் வண்டிக்கு முன்னால் நீராவி இன்ஜின் வைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

சிக்கல் வளைவில்தான். நிஜ இன்ஜினில் முன் சக்கரத் தொகுதி மட்டும் திரும்பும், பின் தொகுதி கொதிகலனோடு இறுகியிருக்கும். மாதிரிகளில் இறுக்கமான வளைவுக்காக இரண்டையும் திரும்ப வைப்பது உண்டு. அதனால் தடம் புரளாமல் போய்விடும் என்பது உண்மை. ஆனால் கொதிகலன் வளைவுக்கு வெளியே ஊஞ்சல் மாதிரி ஆடும். பெட்டியில் குறைந்தபட்ச ஆரம் என்று போட்டிருப்பது ஓடுவதற்கான அளவு, கண்ணுக்கு நன்றாகத் தெரிவதற்கான அளவு அதைவிடப் பெரியது. 30 அங்குலத்துக்கும் குறைவான வளைவில் இவற்றைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான்கு-எட்டு-நான்குகளின் போட்டி

உண்மையான போட்டி இங்கேதான். 8444, சதர்ன் பசிபிக் 4449, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் 611 மூன்றுமே 4-8-4. மூன்றுமே 1985-இல் ஓடும் நிலையில் இருந்தவை.

4449 கண்ணைப் பறிக்கும். லைமா 1941-இல் கட்டிய இன்ஜின். சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு கலந்த 'டேலைட்' வண்ணம். 1958 முதல் போர்ட்லண்டில் ஒரு பூங்காவில் நின்றதை எடுத்துச் சீராக்கி, 1975-76-இல் நாடு முழுக்கச் சுற்றிய அமெரிக்கச் சுதந்திர ரயிலை இழுக்கவைத்தார்கள். அந்த நாட்களில் அதன் வண்ணம் சிவப்பு, வெள்ளை, நீலம். 1981-இல்தான் டேலைட் வண்ணத்துக்குத் திரும்பியது. ஆக 1976 லேஅவுட்டுக்கு ஒரு வண்ணம், 1985-க்கு வேறு வண்ணம். சதர்ன் பசிபிக்கின் சாம்பல் நிற டீசல்களுக்கு நடுவே அந்த ஆரஞ்சுப் பட்டை வந்து நிற்கும்போது அறையே வெளிச்சமாகிவிடும். ஆனால் அதன் பின்னால் அதே வண்ணத்தில் ஒரு முழு வரிசைப் பெட்டிகள் வேண்டும். இன்ஜினைவிடப் பெட்டிகளுக்குத்தான் செலவு அதிகம் ஆகும். வாங்கும்போது பலரும் யோசிக்காமல் விடும் விஷயம் இது. 8444-க்கும் இதே கதை, அதன் பின்னால் மஞ்சள் பெட்டிகள் வரிசையாக வர வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பெரிய சக்கரங்கள் 80 அங்குல விட்டம். வேகமான பயணி வண்டிகளுக்காக வைத்த சக்கரம். நிஜத்தில் அது பெருமை. மாதிரியில் நான்கு பெரிய சக்கரங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது, வளையாத அடித்தளம் நீண்டுவிடுகிறது. தடம் பிரியும் பாயின்ட்டுகளிலும் வளைவுகளிலும் அதுதான் சண்டை போடும். 611-க்குச் சக்கரம் 70 அங்குலம்தான். அதனால் கொஞ்சம் கச்சிதம். நண்பர் ஒருவரின் லேஅவுட்டில் 8444 தயங்கிய அதே பாயின்ட்டில் 611 சத்தமில்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

611-ஐப் பற்றி எனக்கு ஆசை அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரோனோக்கில் கம்பெனியின் சொந்தப் பட்டறையில் 1950-இல் கட்டப்பட்டது. துப்பாக்கிக் குண்டு போன்ற மூக்கு, கறுப்பு உடம்பில் நீளமாக ஓடும் செம்பழுப்புப் பட்டை. ஒன்பதே ஆண்டு உழைத்துவிட்டு ஓய்வு. பிறகு 1982-இல் திரும்ப வந்து 1994 வரை உலா வண்டிகள் இழுத்தது, 2015-இல் மறுபடியும். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன், சதர்ன் இரண்டின் டீசல்களுக்கும் முன்பக்க மூக்கு உயரமாக, பெட்டி மாதிரி இருக்கும். அந்த முரட்டு டீசல்கள் பக்கத்தில் 611-இன் வழவழப்பான உடம்பு நிற்கும் காட்சி வேறு எந்த ஜோடியிலும் கிடைக்காது. தென்கிழக்கு அமெரிக்காவை மாதிரியாக வைத்து, 1982-க்கும் 1994-க்கும் இடையே ஓட்டுகிறவர்கள் வேறு எங்கும் தேடவே வேண்டாம்.

நான்காவதாக ஒன்று உண்டு, செசபீக் அண்ட் ஒஹாயோ 614. 1985 ஜனவரியில், நவீன நிலக்கரி இன்ஜின் வடிவமைக்கும் முயற்சிக்காக, மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனுக்கும் ஹின்டனுக்கும் இடையே அதை நிஜமான நிலக்கரி வண்டிகளில் பூட்டிச் சோதித்தார்கள். எண் 614-டி, 'டி' என்றால் சோதனை. டீசல் காலத்தின் நடுவில் உலா வண்டி இல்லாமல், கூலிக்குச் சரக்கு இழுத்த நீராவி! என் ஆண்டுக்கும் என் செஸ்ஸி டீசல்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் மாதம் ஜனவரி. என் லேஅவுட்டில் அத்தனை மரங்களும் இலையோடு நிற்கின்றன. அவற்றை மொட்டையாக்க மனம் வரவில்லை. குளிர்கால லேஅவுட் வைத்திருப்பவர் யாராவது இதைச் செய்தால் நான் போய்ப் பார்ப்பேன்.

நான் தேர்ந்தெடுத்தது: நிக்கல் பிளேட் 765

நிக்கல் பிளேட் ரயில் கம்பெனியின் இன்ஜின் இது. 2-8-4 அமைப்பு, 69 அங்குலச் சக்கரம், லைமா 1944-இல் கட்டியது. டெண்டரோடு நீளம் சுமார் 100 அடி, ஹெச்ஓ அளவில் 35 சென்டிமீட்டர் போல. 22 அங்குல வளைவில் போகும்போது உடம்பு தண்டவாளத்தோடு சேர்ந்தே திரும்புவதாகத் தெரியும்.

இதற்கும் ஒரு எண் கதை உண்டு. ஃபோர்ட் வேய்ன் நகரம் பூங்காவில் வைக்கக் கேட்டது 767-ஐ. ஏனென்றால் 1955-இல் நகரின் புதிய மேம்பாலத் தடத்தைத் திறந்துவைத்த இன்ஜின் அது. ஆனால் நல்ல நிலையில் இருந்தது 765. அதனால் 765-க்கே 767 என்று எழுதி 1963-இல் பூங்காவில் நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆர்வலர் சங்கம் ஒன்று அதை எடுத்துச் சீராக்கி 1979-இல் 765 ஆகவே ஓடவிட்டது. அதாவது 1968-ஐக் காட்டும் லேஅவுட்டில் இதைப் பூங்காவில், வேலிக்குள், 767 என்ற எண்ணோடு நிறுத்தலாம். மோட்டார் பழுதான பழைய மாதிரி ஒன்று இருந்தால் போதும். இடமோ வளைவோ இல்லாதவர்களுக்கு இந்தப் பூங்கா யோசனையைத்தான் முதலில் சொல்வேன்.

எனக்கு 765 பிடித்ததற்குப் பெட்டிகளும் ஒரு காரணம். சங்கங்கள் நடத்தும் உலாக்களில் வெவ்வேறு இடங்களிலிருந்து திரட்டிய பெட்டிகள் நிறம் மாறி மாறி வருவது சகஜம். என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒட்டுமொத்தப் பெட்டிகளும் அப்படியே பயன்பட்டன.

சதர்ன் 4501-ஐயும் சொல்லிவிடுகிறேன். 1911-இல் பால்ட்வின் கட்டிய 2-8-2, 63 அங்குலச் சக்கரம். கறுப்பாகச் சரக்கு இழுத்துக்கொண்டிருந்ததற்கு 1966-இல் பயணி இன்ஜின்களின் பச்சை வண்ணம் பூசி, சதர்ன் கம்பெனி தன் உலா வண்டிகளைத் தொடங்கியது. 18 அங்குல வளைவுதான் இருக்கிறது, 1960-களின் கடைசியைக் காட்டுகிறீர்கள் என்றால் இதுவே சரி.

வாங்கிய பிறகு வரும் வேலைகள்

மாதிரி டீசலில் எல்லாச் சக்கரமும் இழுக்கும், முழு எடையும் இழுவைக்கு உதவும். நீராவி மாதிரியில் நடுச் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், டெண்டர் வெறும் சுமை. ஏற்றத்தில் எட்டுப் பெட்டிக்கே வழுக்கலாம். அதற்கு வழி நிஜத்திலேயே இருக்கிறது. உலா வண்டிகளில் நீராவிக்குப் பின்னால் ஒரு டீசலைப் பூட்டுவது உண்டு. ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் முறையான டிசிசி வைத்திருந்தால் இரண்டின் வேகத்தையும் முதலில் தனித்தனியாக ஓட்டிச் சமப்படுத்திக்கொண்டு, பிறகு ஜோடி சேருங்கள்.

திருப்புவது அடுத்த கவலை. டீசலுக்கு எந்தப் பக்கமும் முன்பக்கம்தான், அதனால் பல டீசல் லேஅவுட்டுகளில் இன்ஜினைச் சுற்றித் திருப்பும் டர்ன்டேபிளே இருக்காது. நிஜ உலா இன்ஜின்களும் பெரும்பாலும் மூன்று முனை கொண்ட ஒய் தடத்தில்தான் திரும்பின. எனக்கு அதற்கு இடமில்லை. மலைக்குப் பின்னால் மறைவாக ஒரு திருப்பு வளையம் போட்டிருக்கிறேன். மின்முனை மாறும் இடத்தில் தானாக மாற்றும் கருவி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஷார்ட் ஆகும்.

நிலக்கரிக் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் கட்ட வேண்டாம். 1985-இல் அவை பெரும்பாலும் பயன்பாட்டில் இருந்திருக்காது. 8444-க்கும் 4449-க்கும் எரிபொருள் எண்ணெய், பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி போதும். 765-க்கு நிலக்கரி. என் ஜங்ஷனில் ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு ஃப்ரன்ட் லோடர் டெண்டருக்கு நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது. தீயணைப்பு வண்டி ஒன்று குழாய் நீட்டித் தண்ணீர் ஏற்றுகிறது. பாதையோரத்தில் கேமராவோடு பதினேழு பொம்மை மனிதர்கள். பக்கத்துத் தடத்தில் ஒரு கான்ரெயில் சரக்கு வண்டி, சிக்னலுக்காகக் காத்து நிற்கிறது.