மெடிக்கெய்டா, சிப்பா?
அமெரிக்காவில் வருமானம் ரொம்பக் குறைவென்றால் பிள்ளைக்கு மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடு. அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தும் தனியாகக் காப்பீடு வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளுக்கு 1997-ல் வந்தது சிப் (CHIP) என்ற பிள்ளைகளுக்கான அரசுக் காப்பீடு. மெடிக்கெய்டில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கைக்காசு போகாது, பல், கண், காது எல்லாம் அதிலேயே அடங்கும், வேறு காப்பீடு இருந்தாலும் சேரலாம். சிப் அப்படி இல்லை: அப்பாவின் கம்பெனிக் காப்பீட்டில் பிள்ளை பெயர் இருந்தால் பொதுவாக இடமில்லை, அப்புறம் சில மாநிலங்கள் மாதப் பிரீமியமும் டாக்டரைப் பார்க்கத் தனிக் கட்டணமும் கேட்கும் (தடுப்பூசிக்குக் கிடையாது), ஆனால் எல்லாம் சேர்த்து வருட வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் மெடிக்கெய்டுதான் மேல். சரி, தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை, மாநிலம்தான் வருமானத்தைப் பார்த்து முடிவு செய்யும். விண்ணப்பத்தை எந்த மாதமும் போடலாம்.