பழைய மசெராட்டி: நாலு கதவா, திறந்த கூரையா?

பிரிட்டனில் பழைய மசெராட்டி கார் வாங்க ஆசைப்படுகிற பலரும் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: குவாட்ரோபோர்ட்டே செடான் அல்லது கிரான்கேப்ரியோ கன்வர்டிபிள். இரண்டையும் ஓட்டியாயிற்று, லிஃப்டில் ஏற்றி அடியிலும் பார்த்தாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு எட்டுகிறது என்றால் கன்வர்டிபிள்தான். செடான் மலிவு என்பதெல்லாம் வாங்குகிற அன்றைக்கு மட்டும்.

நான் சொல்கிற குவாட்ரோபோர்ட்டே 2003-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 2012 வரை வந்த ஐந்தாம் தலைமுறை. பினின்ஃபரினா வடிவமைத்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய மாடலைப் பக்கத்தில் நிறுத்தினாலும் கண் இதன் மேல்தான் போகும். கிரான்கேப்ரியோ 2009-ல் அதே ஃபிராங்ஃபர்ட்டில் வந்தது, மசெராட்டியின் முதல் நாலு இருக்கை கன்வர்டிபிள். குவாட்ரோபோர்ட்டேயின் அடித்தளத்தைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் கிரான்டூரிஸ்மோ என்ற இரண்டு கதவு வண்டியைச் செய்தார்கள், அதன் கூரையை எடுத்துவிட்டுத் துணிக் கூரை போட்டால் இது. ஆக இரண்டும் பங்காளிகள். இன்ஜினும் ஃபெராரியின் மாரனெல்லோ ஆலையிலிருந்து வந்த ஒரே குடும்பத்து வி8. செடானில் ஆரம்பத்தில் 4.2 லிட்டர், 400 குதிரைத்திறன், 2008-லிருந்து எஸ் மாடலில் 4.7 லிட்டர். கன்வர்டிபிளில் 4.7 மட்டும், ஆரம்பத்தில் 440 குதிரைத்திறன்.

செடான் பக்கம் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். நிறம், மைலேஜ், தோல் இருக்கை எல்லாம் அப்புறம். ஆரம்பகால வண்டிகளில் டுவோசெலக்ட் என்ற ஒன்று இருக்கும். கிளட்ச் பெடல் கிடையாது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற பேடிலைத் தட்டினால் ஹைட்ராலிக் அழுத்தத்தில் கிளட்ச் தானாக வேலை செய்து கியர் மாறும். மலைப்பாதையில் விரட்டி ஓட்டுகிறவருக்குச் சுகம். ஆனால் ஊருக்குள் ஆட்டோ மோடில் போட்டு நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், ஒவ்வொரு கியருக்கும் உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டுவார்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பார்க் செய்கிறபோது ஒரு கருகல் வாடை வரும் பாருங்கள், அது உங்கள் பணம். கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதை டயக்னாஸ்டிக் கம்ப்யூட்டரை மாட்டிப் படிக்க முடியும். அந்த எண்ணைக் காட்டாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். 2007-ல்தான் ஜெட்எஃப் நிறுவனத்தின் 6 கியர் ஆட்டோமேட்டிக் வந்தது, வண்டியே மாறிப்போன மாதிரி மென்மை. கன்வர்டிபிளில் இந்தத் தலைவலியே இல்லை, எல்லாமே ஆட்டோமேட்டிக்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிகளுக்கு இங்கே சாலை வரி குறைந்த படியில் நின்றுவிடும், அதற்குப் பிறகு பதிவான செடான்கள் உச்சப் படிக்குப் போய் வருடம் 700 பவுண்டைத் தாண்டிவிடும். உடனே வரி மிச்சம் என்று 2005 மாடலைத் தேடாதீர்கள், அந்த மலிவு வரி வண்டி ஒவ்வொன்றிலும் இருப்பது டுவோசெலக்ட்தான்.

செலவுக்கு வருவோம். செடான் விலை தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது, கன்வர்டிபிள் இன்னும் அதன் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பிரேக் டிஸ்க், குலுக்கலைத் தாங்குகிற ஸ்கைஹூக் டேம்பர், சஸ்பென்ஷன் புஷ் இதெல்லாம் வண்டி புதிதாக இருந்தபோது என்ன வகையறா விலையோ அதே வகையறாதான் இன்றைக்கும். வண்டியின் விலை விழுந்ததற்காக உதிரிபாகத்தின் விலை விழாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த செடானுக்கென்றே சொன்னது. பெட்ரோல் இரண்டிலும் லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது.

அப்புறம் அந்தப் பட்டன்கள். ரேடியோ, ஏசி பக்கத்துப் பட்டன்களுக்கு மிருதுவாக இருக்கட்டும் என்று ஒரு ரப்பர் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், வருடங்கள் போகப் போக அது இளகிப் பிசுபிசுக்கிறது. நான் பார்த்த ஒரு செடானில் வால்யூமைத் தொட்டதும் விரல் நுனியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, கைக்குட்டையில் துடைத்தும் போகவில்லை. நடுவில் அவ்வளவு அழகான முட்டை வடிவக் கடிகாரம், அதற்குக் கீழே இந்தக் கோலம். விற்கிறவர் "பழைய மசெராட்டி என்றால் அப்படித்தான் சார்" என்றார். உண்மைதான், ஆனால் விலையைக் குறைக்க அதையே பிடித்துக்கொள்ளலாம்.

கன்வர்டிபிளில் குறை இல்லையா என்றால், நிறைய. டிக்கி 173 லிட்டர், இரண்டு பைக்கு மேல் வைத்தால் மூட வேண்டாமா என்று கேட்கும். செடானில் 450. பின் இருக்கையில் பெரியவர்களே உட்காரலாம், அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் காற்றுத் தடுப்பை மாட்டினால் அது பின் இருக்கையையே மூடிவிடும். கூரை திறக்க 28 விநாடி. மழை நாளில் போய்ப் பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள், ஈர வாடை அடித்தால் திரும்பிவிடுங்கள்.

இருந்தும் ஏன் கன்வர்டிபிள் என்கிறேன்? செடான் வாங்குகிற எல்லோருக்கும் ஒரு சாக்கு இருக்கிறது, நாலு கதவு இருக்கிறதே, குடும்பத்துக்கு ஆகுமே என்று. வாங்கியபின் பிள்ளையைப் பள்ளியில் விட இதை எடுக்க யாருக்கும் மனம் வராது, பல்பொருள் அங்காடி பார்க்கிங்கில் 5 மீட்டர் நீள வண்டியை விட்டுவிட்டு உள்ளே நிம்மதியாகக் காய்கறி வாங்கவும் முடியாது. ஆக அதுவும் ஞாயிற்றுக்கிழமை வண்டிதான், பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி ஷெட்டில் தூங்கும். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றால், இந்த இன்ஜினின் சத்தம் கண்ணாடிக்கு வெளியே எதற்கு? 70 மைல் வேகக் கட்டுப்பாடு உள்ள நாட்டில் 440 குதிரையை எங்கே ஓட்டுவது, ஆனால் கூரையைத் திறந்து 40-ல் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் கொடுத்த காசு அங்கேயே கிடைத்துவிடும். நிஜமாகவே நாலு பேரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவரா, சரி, 2008-க்குப் பிந்தைய ஆட்டோமேட்டிக் செடான் எடுங்கள், அருமையான வண்டி.

எதுவானாலும் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால், வால்வு திறக்கிற நேரத்தை மாற்றுகிற வேரியேட்டர் தேய்ந்திருக்கலாம், பெரிய செலவு. நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். பதிவு எண்ணைப் போட்டால் எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை வரலாறு அரசுத் தளத்தில் இலவசமாக வருகிறது, அதையும் ஒரு தடவை படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கன்வர்டிபிள் என்றால் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள், ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் விற்கிறவர்கள் ஒரு பவுண்டு இறங்க மாட்டார்கள்.