சொந்தச் செலவில் தெரபி: தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பதற்றத்துக்காகவும் அதனுடன் சேர்ந்து வந்த மனச்சோர்வுக்காகவும் சென்னையில் ஒரு தனியார் மருத்துவ உளவியலாளரிடம் ஓராண்டுக்கு மேலாகத் தெரபி, அதாவது பேச்சுவழிச் சிகிச்சை, பெற்றுவருகிறேன். கட்டணம் முழுவதையும் என் சம்பளத்திலிருந்தே செலுத்துகிறேன். எனக்குப் பலன் கிடைத்திருக்கிறது: உறக்கம் சீரடைந்தது, அலுவலகக் கூட்டங்களைத் தவிர்ப்பதற்குக் காரணம் தேடும் பழக்கம் நின்றது. ஆகவே இந்தச் செலவு தகுதியானது என்றே சொல்வேன். ஆனால், ஓர் அமர்வுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு எவரும் தொடங்க வேண்டாம். சிகிச்சை முடியும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதே முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடங்கள். நான் விசாரித்த இடங்களில் அதற்கான கட்டணம் 1,000 ரூபாய்க்கும் 3,000 ரூபாய்க்கும் இடையில் இருந்தது. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பரவலாகப் பயன்படும் சி.பி.டி. எனப்படும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்குச் சுமார் 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படுவது வழக்கம். அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 18,000 முதல் 30,000 ரூபாய் ஆகும்; தொடக்கத்தில் வாரம் ஒரு முறை செல்ல வேண்டியிருப்பதால் மாதம் 6,000 ரூபாயை ஒதுக்கிவைக்க வேண்டும். பழைய காயங்கள், நெடுநாள் உறவுச் சிக்கல்கள் போன்றவை இருந்தால் காலம் இன்னும் நீளும். கையிருப்பு தீர்ந்து பாதியில் நிறுத்துகிறவர்களை நான் அறிவேன். மனத்தைத் திறந்து காட்டிய வலி அவர்களுக்குக் கிடைத்தது, அதை ஆற்றும் பகுதி கிடைக்கவில்லை. எனவே இரண்டு அல்லது மூன்று மாதச் செலவைத் தனியே எடுத்துவைத்த பின் தொடங்குவது நல்லது. வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்; கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் வராவிட்டால் முழுக் கட்டணம் என்ற விதி பல இடங்களில் உண்டு. அதையும் முன்பே கேட்டறிய வேண்டும். மொத்தமாக முன்பணம் வாங்கும் தொகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு செயலி வழியே அவ்வாறு பணம் கட்டியபோது, தெரபிஸ்ட் ஒத்துவரவில்லை என்று தெரிந்த பின்னும் மீதித் தொகை திரும்பி வரவில்லை.

மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்களுக்கு வழங்கப்படும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வாராவாரம் சென்றுவரும் அமர்வுகள் புறநோயாளிச் சிகிச்சையாகக் கருதப்படுவதால், அதற்கான பிரிவு பாலிசியில் தனியாக இருந்தால் மட்டுமே தொகை கிடைக்கும். எப்படியிருந்தாலும் தெரபிஸ்டின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவு எண்தான் அடுத்த முக்கியச் செய்தி. நம் பேச்சில் எல்லோரும் ‘டாக்டர்’ ஆகிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று தனித்தனித் தகுதிகள் உள்ளன. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு பெற்றவர். மாத்திரை எழுதித் தருபவர் அவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சி பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்; அவர் மருந்து எழுதுவதில்லை. ‘கவுன்சலர்’ என்ற பெயரிலோ முதுநிலைப் பட்டம் பெற்று மேற்பார்வையில் பயிற்சி முடித்த திறமையானவர்களும் இருக்கிறார்கள், சில வார இணையப் படிப்பின் சான்றிதழோடு அமர்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறீர்கள் என்று கேட்டால் நல்ல தெரபிஸ்ட் முகம் சுளிப்பதில்லை. கேள்வியைத் தட்டிக்கழிப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தெரபிக்கு முன் ஒரு பொது மருத்துவரைப் பார்ப்பது அவசியம். தைராய்டு சுரப்புக் குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே களைப்பையும் சுணக்கத்தையும் தரக்கூடும். சில நூறு ரூபாயில் முடியும் ரத்தப் பரிசோதனை மாதக் கணக்கான குழப்பத்தைத் தவிர்க்கும்.

முதல் அழைப்பிலேயே மொழியைப் பற்றிப் பேசிவிடுங்கள். சென்னையின் தனியார் தெரபிஸ்டுகளில் பலர் ஆங்கிலத்திலேயே சரளமாக இயங்குகிறார்கள். அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலம் பேசும் எனக்கும், அப்பாவோடு இருந்த மனத்தாங்கலை ஆங்கிலத்தில் சொன்னபோது அது யாருடைய கதையையோ ஒப்பிப்பதாக இருந்தது; தமிழில் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது, பேச்சும் நகர்ந்தது. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் சிகிச்சை உறவை மூன்று கூறுகளாக வகுத்தார்: இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் பணிகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மூன்று அல்லது நான்கு அமர்வுகளுக்குப் பின் இம்மூன்றும் உருவாகிவருகின்றனவா என்று எடைபோட்டுப் பாருங்கள். உருவாகவில்லையென்றால் அதை அவரிடமே சொல்லலாம். வேறொருவரைப் பரிந்துரைக்கும்படியும் கேட்கலாம்.

முன்னேற்றத்தை மனப்போக்கை மட்டும் நம்பி மதிப்பிடுவது கடினம். என் தெரபிஸ்ட் மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.கியூ.–9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை அவ்வப்போது நிரப்பச் சொல்வார். 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைந்தது மிதமான மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கொள்வார்கள். மோசமான ஒரு வாரத்தில் எல்லாம் வீண் என்று தோன்றும்போது, முந்தைய மாதங்களின் எண்களைப் பார்ப்பது எனக்கு உண்மையான ஆறுதலாக இருந்தது.

இரகசியத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சூழல்களில் மட்டும் விதிவிலக்கு என்று எனக்கு முதல் நாளே விளக்கப்பட்டது. வீட்டார் தொலைபேசியில் அழைத்து விசாரித்தால் என்ன சொல்வீர்கள் என்பதையும் கேட்டுவிடுவது நம் குடும்பச் சூழலுக்கு மிகவும் தேவை. இணையவழி அமர்வு என்றால், கதவைச் சாத்திப் பேச வீட்டில் ஓர் அறை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். சுவருக்கு அப்பால் அம்மா இருக்கிறார் என்ற நினைப்போடு பேசும் அமர்வுக்கும் அதே கட்டணம்தான்.

பணம் இல்லையென்றால் வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசி வழியே மனநல உதவி தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் அடுத்த வார அமர்வுக்காகக் காத்திருக்காமல் உடனே அந்த எண்ணை அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்போது நான் மாதம் ஒரு முறைதான் செல்கிறேன். வாரம் ஒன்று, இரு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று இடைவெளியைக் கூட்டும் திட்டத்தைத் தெரபிஸ்டே முன்வைத்தார். சிகிச்சை எப்படி முடிவடையும் என்ற கேள்வியையும் முதல் அமர்விலேயே கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவரையே நான் பிறருக்குப் பரிந்துரைத்துவருகிறேன்.